உட்கார்ந்து ஓடிய பிள்ளைகள்

திட்டம் நல்ல திட்டம்தான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் தினமும் ஒரு சில நிமிடங்கள் மூச்சு முட்ட ஓடினால் போதும், இதயம் உரம் பெறும், வளர்ந்த பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறவர்கள் குறைந்துபோவார்கள் என்று மருத்துவர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். அதிசயமாக அரசாங்கமும் கேட்டுக்கொண்டது. பள்ளிக்கூடம் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கழுத்தெலும்புக்குக் கீழே காசு அளவில் ஒரு பேட்ச் ஒட்டினார்கள். பிள்ளை ஓடும்போது இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது, ஓடி முடித்ததும் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அது அளந்து சொல்லும். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

அப்புறம் யாரோ ஒரு புத்திசாலி, அந்த அளவை மதிப்பெண்ணாகப் போட்டு மேற்படிப்புக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.

மதிப்பெண் என்ற சொல் காதில் விழுந்த பிறகு நம் ஊரில் எந்த நல்ல காரியமும் அதே உருவத்தில் மிஞ்சுவதில்லை. ஒரே கோடை விடுமுறைக்குள் ஈரோட்டிலிருந்து கோவை வரை சாலையின் இரண்டு பக்கமும் ‘இதயத்தில் முழு மதிப்பெண் உறுதி’ என்று பலகைகள் முளைத்தன. இதயத்துக்கு டியூஷன் வந்தது. இதயத்துக்கு மாதிரித் தேர்வு வந்தது. பரிகார பூஜை வந்ததா என்று தெரியவில்லை, வந்திருக்கும்.

பெருந்துறை ஞானமேரு வித்யாலயாவுக்கு மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. பிள்ளைகள் ஓட அங்கே இடமில்லை. மைதானம் இருந்த இடத்தில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கான பயிற்சிக் கட்டடம் ஐந்து மாடிக்கு நின்றது. பள்ளியின் கரஸ்பாண்டன்ட் குழந்தைவேலு அதைக் கட்டி முடித்த அன்று, “மண்ணுல ஓடுற புள்ளைக்கு மார்க் வருமுங்களா?” என்று மேடையில் கேட்டுக் கைதட்டு வாங்கியவர். பெயரில் தவிர அவரிடம் வேறெங்கும் குழந்தை இருந்ததாகத் தெரியவில்லை. இப்போது மண்ணில் ஓடினால் மார்க் வரும் என்று அரசாணையே வந்துவிட்டது. மனிதர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

அந்த இரண்டு நாளும் பள்ளியில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் பி.டி. டீச்சர் அமலோற்பவம்தான். அவள் தூத்துக்குடிக்காரி. கல்லூரிக் காலத்தில் நானூறு மீட்டரில் மாநிலத்துக்காக ஓடியவள். ஞானமேருவில் சேர்ந்த நாளிலிருந்து பரீட்சை ஹாலில் காவல் நிற்பதுதான் அவளுடைய விளையாட்டு. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்த சரித்திரம் கிடையாது. அரசாணை வந்ததும் அவள் கடைக்குப் போய்ப் புது விசில் ஒன்று வாங்கிவந்தாள். பக்கத்துக் காலி மனையைக் கேட்டு வாங்கி அதில் பிள்ளைகளை ஓடவிடலாம் என்று கரஸ்பாண்டன்டிடம் சொல்வதற்குத் தயாராகப் போனாள். அவர் அறையில் ஏற்கெனவே ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். பேட்ச் செய்கிற கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர், பெயர் ஆதவ்.

“உட்காருங்க டீச்சர். பிரச்சினை தீர்ந்துருச்சு” என்றார் குழந்தைவேலு.

தீர்ந்த விதத்தை அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்தில் ஆதவ் விளக்கினான். “நாம ஓடும்போது என்ன நடக்குது? மூளையிலேர்ந்து நரம்பு வழியா இதயத்துக்கு ஒரு கட்டளை போகுது: வேகமா அடி. அந்தக் கட்டளையை எங்க புது பேட்ச்சே அனுப்பும். அடங்குன்னும் அதுவே சொல்லும். பிள்ளை வகுப்புல உட்கார்ந்து கணக்குப் போட்டுட்டு இருக்கும். இதயம் மட்டும் மைதானத்துல ஓடிட்டு இருக்கும்.”

அரங்கத்தில் பெருமூச்சு எழுந்தது. பயத்தில் அல்ல, நிம்மதியில்.

“வெயில்ல போக வேண்டாமுங்களா?” என்றார் ஒரு தாய்.

“வேண்டாம்.”

“படிப்பு நேரம் வீணாகாதே?”

“ஒரு நிமிஷம்கூட.”

பின்வரிசையிலிருந்து அமலோற்பவம் எழுந்தாள். “சார், அப்போ கால்? கை? நுரையீரல்?”

ஆதவ் அவளைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தான். “அதுக்கெல்லாம் மதிப்பெண் இல்லையே மேடம்.”

எல்லாரும் சிரித்தார்கள். நூற்பாலை வைத்திருக்கும் தெய்வசிகாமணி கைதட்டியே சிரித்தார். அவருடைய மகள் கனிஷ்கா எட்டாம் வகுப்பில் முதலாவதாக வருபவள். படிப்பில் அவளுக்கு இணையில்லை. இரண்டு மாடி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

இப்படியாக அமலோற்பவத்துக்குப் பதவி உயர்வு கிடைத்தது. விசிலுக்குப் பதிலாகக் கையில் ஒரு தொடுதிரை டேப். அதில் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே துடிக்கும் ஒரு கோடு, அடியில் ஒரு பித்தான். விரலால் மேலே தள்ளினால் எல்லா இதயமும் சேர்ந்து ஓடும். கீழே இழுத்தால் அடங்கும். பள்ளியில் அதற்கு ‘இதயப் பீரியட்’ என்று பெயர்.

முதல் வாரம் பெரும்பாடாக இருந்தது. இதயம் திடீரென்று தறிகெட்டு அடித்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். சிலர் அழுதார்கள். ஒரு சின்னப் பெண் வராந்தாவில் இறங்கி ஓடியே போய்விட்டாள். எழுந்தால் அளவு கெடுகிறது, மதிப்பெண் குறைகிறது என்று கரஸ்பாண்டன்ட் கொதித்தார். அவரே ஒரு விதி வகுத்தார். நெஞ்சு அடிக்க ஆரம்பித்ததும் பிள்ளை முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும். பேனாவைத் திறக்க வேண்டும். எதிரே இருக்கும் கணக்கைப் போட வேண்டும். நெஞ்சு அடங்கியதும் பேனாவை மூடி, பையைக் கட்டி, உயர வரிசையில் வெளியே வர வேண்டும். எழுந்தவர்களுக்குத் தண்டனை. எழாதவர்களுக்கு நட்சத்திரம்.

பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறவர்கள். தீபாவளிக்குள் பள்ளியில் மணி அடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். நெஞ்சே மணியாகிவிட்டது. வகுப்பறைகளில் காகிதத்தில் பேனா உரசும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அமர்ந்து அமலோற்பவம் கோடுகளைப் பார்ப்பாள். உலகப் போட்டியில் ஓடுகிறவர்களின் இதயம்போல அவை பாயும். கோடுகளின் சொந்தக்காரர்கள் நெற்றியில் வேர்க்க, ஆடாமல் அசையாமல் இருபடிச் சமன்பாடு தீர்த்துக்கொண்டிருப்பார்கள்.

வேலையை விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தாள். நினைத்துக்கொண்டே மறுநாளும் பித்தானைத் தள்ளினாள்.

பொங்கல் முடிந்து ஒரு நாள் கனிஷ்காவின் தாய் கோகிலவாணி வந்தாள். கணவனுக்குத் தெரியாமல் வந்திருந்தாள் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

“மிஸ், நேத்து எங்க தெருவுல வெறி பிடிச்ச நாய் ஒண்ணு புகுந்துருச்சுங்க. எல்லாப் புள்ளைகளும் ஓடிருச்சுங்க. பக்கத்துத் தறிக் குடோன்ல வேலை பாக்குறவங்க புள்ளைங்க எல்லாம் மதில் மேல ஏறிருச்சுங்க. எம் பொண்ணு மட்டும் ரோட்டுலயே சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டா.”

“உட்கார்ந்துட்டாளா?”

“முதுகை நேரா வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாளுங்க. அவங்கப்பா கட்டையெடுத்துட்டு ஓடி வரலைன்னா...” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஏன் கண்ணு ஓடலைன்னு கேட்டேன். நெஞ்சு அடிச்சுதும்மாங்கறா. அவ்வளவுதான் பதில்.”

அமலோற்பவம் அன்றே கரஸ்பாண்டன்டிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நாய் கடிச்சுதா?”

“இல்ல சார். அவ அப்பா...”

“அப்புறமென்னங்க? பதறாத புள்ளையா வளர்த்திருக்கோம்னு சொல்லுங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “இதை நம்ம விளம்பரத்துல போட முடியுமான்னு பாக்கணும்” என்றார்.

மாசி மாதம் முடிவுகள் வந்தன. மாநிலத்திலேயே மிக ஆரோக்கியமான இதயங்கள் ஞானமேரு வித்யாலயாவின் எட்டாம் வகுப்பில் இருந்தன. கோவையில் பாராட்டு விழா. மந்திரி வருகிறார். காலையிலேயே பள்ளியின் புது மின்சாரப் பேருந்தில் வகுப்பு முழுவதையும் ஏற்றினார்கள். பயண நேரத்தில் ஒரு இதயப் பீரியட் வரும் என்பதால் டேப்போடு அமலோற்பவத்தையும் ஏற்றினார்கள். விருது வாங்கப் போகும் வழியிலும் கரஸ்பாண்டன்டுக்கு ஒரு பீரியடை விட மனமில்லை. அவர் தன் காரில் முன்னால் போய்விட்டார்.

அவிநாசி தாண்டியதும் பின் இருக்கைப் பக்கமிருந்து ரப்பர் கருகும் வாசனை வந்தது. இருக்கைக்கு அடியிலிருந்த பேட்டரியிலிருந்து புகை கசிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கறுத்துத் திரண்டது. ஓட்டுநர் சின்னராசு வண்டியை ஓரங்கட்டினார். முன்கதவைத் திறந்துவிட்டு, “எறங்குங்க, எறங்குங்க! தீப்புடிக்குது!” என்று கத்தியபடி அணைப்பானை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார்.

அமலோற்பவம் எழுந்து நின்றாள். “எல்லாரும் இறங்குங்க! பையை விட்டுட்டு ஓடுங்க!”

யாரும் எழவில்லை.

பிள்ளைகள் புகையைப் பார்த்தார்கள். கண்கள் விரிந்தன. பிறகு ஒருவர் பின் ஒருவராக முதுகை நிமிர்த்தினார்கள். கைகள் பைக்குள் போயின. பேனாக்கள் திறந்தன. கணக்குத் தாள் இல்லாததால் கையில் கிடைத்த புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்கள்.

“ஓடுங்கடா! நெருப்பு!”

அவள் முன்வரிசைப் பையன் ஒருவனைப் பிடித்து இழுத்தாள். அவன் இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான். விரல் விரலாகப் பிரித்து அவனைத் தூக்கி வெளியே விட்டாள். திரும்பி ஏறி இன்னொரு பெண்ணை இழுத்தாள். அதற்குள் வெளியே விட்டவன் படியில் ஏறி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டான். பின்னால் ஏதோ வெடித்தது. தழல் ஜன்னல்வரை ஏறியது. மூன்றாம் வரிசையில் கனிஷ்கா உட்கார்ந்திருந்தாள். புகையில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. இருமிக்கொண்டே எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கி டீச்சரைப் பார்த்துக் கேட்டாள்:

“மிஸ், இன்னும் எவ்வளவு நேரம் மிஸ்?”

அப்போதுதான் அமலோற்பவத்துக்கு டேப் ஞாபகம் வந்தது. பையிலிருந்து உருவினாள். அவள் இன்னும் பீரியடை ஆரம்பிக்கவே இல்லை, பித்தான் கீழேதான் இருந்தது. ஆனால் எல்லாக் கோடுகளும் திரையின் உச்சியில் பாய்ந்துகொண்டிருந்தன. அவள் ஒருநாளும் தள்ளாத உயரம். கருவி கெட்டுவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு புரிந்தது. கருவி சரியாகத்தான் இருந்தது. பிள்ளைகள் பயந்திருந்தார்கள்.

அவள் பித்தானைச் சற்று மேலே தள்ளி, அடங்கச் சொல்லும் கட்டளை போகட்டும் என்று கடைசி வரை கீழே இழுத்தாள்.

கோடுகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. பிள்ளைகளின் தோள்கள் தளர்ந்தன. எரிந்துகொண்டிருக்கும் வண்டிக்குள் பேனா மூடிகள் டிக் டிக் என்று மூடும் சத்தம் கேட்டது. புத்தகங்களைப் பைக்குள் வைத்தார்கள். ஜிப்பை இழுத்தார்கள். எழுந்து, உயரம் பார்த்து, முன்னும் பின்னும் இடம் மாற்றிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நடக்க ஆரம்பித்தார்கள்.

அவளுக்கு அலற வேண்டும்போல் இருந்தது. அலறினால் மறுபடி நெஞ்சு அடிக்கும், அடித்தால் மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். ஆகவே அவள் கதவோரம் நின்று, பித்தானை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சிரித்தாள். “மெதுவா... அப்படித்தான்... கையை வீசி நடங்க... நல்ல பிள்ளைங்க” என்றாள். சூடு பின்னாலிருந்து வந்து அவள் தோளைக் கவ்வியது. அவள் சிரித்துக்கொண்டே நின்றாள். கடைசிக்கு முந்திய பையன் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டதாகத் திரும்பினான். “வெளியில வேற இருக்கு கண்ணா” என்று அவன் தலையைத் தடவி அனுப்பினாள். எல்லாரும் இறங்கி, சாலையோரப் புளியமரத்தடியில் வரிசையாக நின்ற பிறகு அவள் குதித்தாள். அவளுடைய புடவைத் தலைப்பு எரிந்துகொண்டிருந்தது. சின்னராசு தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தி அணைத்தார்.

ஒரு பிள்ளைக்கும் காயம் இல்லை.

சாலையில் வண்டியை நிறுத்தியவர்கள் எல்லாரும் போனில் படம் பிடித்திருந்தார்கள். பின்னால் தீ கொழுந்துவிட, பையை மாட்டிக்கொண்டு, கை வீசி, வரிசை குலையாமல் இறங்கிவரும் பிள்ளைகள். அன்று மாலைக்குள் நாடு முழுவதும் அதைப் பார்த்துப் புல்லரித்துவிட்டது. தொலைக்காட்சியில் ஒருவர், இதுதான் நம் பண்பாடு என்றார். இன்னொருவர், ராணுவத்துக்கே பாடம் என்றார். ஞானமேரு வாசலில் அந்தப் படத்தைக் கட்டடத்தின் உயரத்துக்குப் பேனராகத் தொங்கவிட்டார்கள். ‘தீயிலும் பதறாத இதயம்’ என்று அதன் மேல் எழுதியிருந்தது. அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு அதன் கீழேயே க்யூ நின்றது.

அமலோற்பவம் கையிலும் தோளிலும் கட்டோடு மருத்துவமனையில் கிடந்தாள். கரஸ்பாண்டன்ட் போட்டோகிராஃபரோடு வந்து, கட்டுப்போடாத தோளாகப் பார்த்துச் சால்வை போர்த்தினார். ஆதவ் பழக்கூடையோடு வந்தான். அவனிடம் அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள். அவன் கண் கலங்கக் கேட்டுக்கொண்டு போய், ‘ஆபத்தில் அமைதி’ என்று புதிதாக ஒரு பித்தான் சேர்த்து வெளியிட்டான். எல்லாப் பள்ளிப் பேருந்திலும் அது கட்டாயம் என்று அரசு யோசிப்பதாகச் செய்தி வந்தது.

ஒரு நாள் காலை தெய்வசிகாமணி மகளை அழைத்துக்கொண்டு வந்தார். கைகூப்பினார். நிஜமாகவே அழுதார்.

“எம் புள்ளைக்கு உசுரு குடுத்தீங்க மிஸ்.”

“சார், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. உங்க பொண்ணு தீயைப் பார்த்ததும் எழுந்து ஓடியிருக்கணும். அவ ஓடல. உட்கார்ந்துட்டா. நாமதான் அவளை அப்படி ஆக்கி வெச்சிருக்கோம். அந்தப் பேட்ச்சைக் கழட்டிருங்க.”

“கழட்டறதுங்களா?” அவர் கண்ணைத் துடைத்தபடி வியந்தார். “அது இருந்ததுனாலதானுங்களே நீங்க பித்தானை இழுத்தீங்க, புள்ள எறங்கி வந்துச்சு? அது இல்லைன்னா?”

“அது இல்லைன்னா அவளே ஓடியிருப்பா சார்!”

“பயந்த புள்ள எங்கீங்க ஒழுங்கா ஓடும்? முட்டி மோதி விழுந்திருக்கும்” என்றார் அவர், அவளுக்கு ஆறுதல் சொல்லும் குரலில். நெருப்பில் மாட்டியவள், கொஞ்சம் குழம்பித்தான் பேசுவாள் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். போன் அடித்தது. ஆலையிலிருந்து யாரோ. பேசிக்கொண்டே வெளியே போனார்.

கனிஷ்கா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள்.

“மிஸ், ஒண்ணு கேட்கட்டுமா?”

“கேளு கண்ணு.”

“அன்னைக்கு பஸ்ல ஏன் மிஸ் நேரத்துக்கு முன்னாடியே பீரியடை ஆரம்பிச்சீங்க?”

“நான் ஆரம்பிக்கல.”

“நெஞ்சு அடிச்சுதே.”

“அதுவரைக்கும் நான் டேப்பைத் தொடவே இல்ல. நீ பயந்துட்டே. அதனால உன் நெஞ்சு தானா அடிச்சுது.”

அந்தப் பெண் அதை நம்பாதவள்போல நின்றாள். கழுத்துக்குக் கீழே இருந்த பேட்ச்சை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“தானா அடிக்குமா? எனக்கு?”

“எல்லாருக்கும் அடிக்கும்.”

“அதான் வித்தியாசமா இருந்துச்சு” என்றாள் கனிஷ்கா மெதுவாக. “நீங்க போடறப்ப நெஞ்சு மட்டும்தான் அடிக்கும் மிஸ். அன்னைக்குக் காலெல்லாம் துடிச்சுது. எந்திரி எந்திரின்னு உள்ளுக்குள்ள யாரோ சொல்ற மாதிரி இருந்துச்சு. உங்ககிட்ட கேட்டதுக்கப்புறம் நான் பேனாவைக்கூடக் கீழ போட்டுட்டேன். எந்திரிக்கத்தான் போனேன். அதுக்குள்ள எல்லாம் அடங்கிருச்சு.”

கனிஷ்காவின் விரல் மறுபடி பேட்ச்சுக்குப் போனது.

“அது என்னோடதுன்னா, நீங்க ஏன் மிஸ் அதை நிறுத்துனீங்க?”

குறை சொல்லும் குரல் இல்லை. விடை தெரியாத கணக்கைக் கேட்கும் குரல். கதவருகில் தெய்வசிகாமணி எட்டிப் பார்த்தார். “போலாமா கண்ணு? மத்தியானப் பீரியடுக்குள்ள பள்ளிக்கூடத்துல உட்டுர்றேன்.”

“வர்றேன் மிஸ்” என்று சொல்லிவிட்டுக் கனிஷ்கா அப்பாவின் பின்னால் நடந்தாள்.

அமலோற்பவத்தின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எழுந்து ஓடி அந்தப் பெண்ணை நிறுத்த வேண்டும், அந்தப் பேட்ச்சைத் தன் கையாலேயே பிய்த்து எறிய வேண்டும் என்று கால்கள் துடித்தன. வராந்தாவில் அவர்கள் செருப்புச் சத்தம் தேய்ந்து மறையும் வரை அவள் கட்டிலில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.